முப்பது சிஸ்டரின் தீராத பலவீனம்

அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடி ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை பார்த்தவர் முப்பது சிஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன் என்றால் ரத்தம் ஒற்றி எடுக்க முப்பது காஸ் துணிகளை மேஜையில் அடுக்குவார்கள். கத்தி படும் முன் சிஸ்டர் அவற்றை வாய்விட்டு எண்ணுவார். வயிற்றை மூடும் முன் எண்ணுவார். மூடிய பிறகும் எண்ணுவார். மூன்று முறையும் முப்பது வர வேண்டும். வராவிட்டால் தையல் ஊசி டாக்டர் கைக்குப் போகாது. உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும் என்பதற்கு மேல் எந்தத் தத்துவமும் அவருக்குத் தெரியாது. தெரியாமலே நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதிக்கு வேட்டு வைக்க வந்து சேர்ந்தது ஆளுமை வகைத் துறை. குழந்தைகள் வார்டில் எட்டுக் கட்டில்களை வெளியே தள்ளி, அந்த இடத்தில் கம்பளம் விரித்து, கண்ணாடிக் கதவு போட்டுத் துறையைத் திறந்தார்கள். அதற்கு ஒரு இயக்குநர். மருத்துவம் படித்தவரல்ல, ஒரு நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்த்தவருமல்ல. மனிதர்களை எட்டு வகையாகப் பிரிக்கத் தெரிந்தவர். எதைக் கேட்டாலும் "அது உங்க வகை" என்றே பதில் சொன்னதால் ஊழியர்கள் அவருக்கு வகை சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். பல் பிடுங்கப் போகிறவர் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

முதல் வாரமே எல்லோருக்கும் தேர்வு. தொண்ணூறு கேள்விகள். 'ஒரு விருந்துக்குப் போனால் ஜன்னல் பக்கம் நிற்பீர்களா, கதவுப் பக்கம் நிற்பீர்களா?' என்று தொடங்கியது. அன்று ஏழு மணி நேரம் மேஜைப் பக்கம் நின்றுவிட்டு வந்திருந்த சிஸ்டருக்கு, உட்கார நாற்காலி கிடைக்குமா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. 'நீங்கள் மழையா, குடையா?' என்று இன்னொன்று. இரண்டும் இல்லை என்று எழுதலாமா என யோசித்து, எதற்கு வம்பு என்று குடையில் டிக் அடித்தார். எல்லாம் எழுதி முடித்ததும், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து ஒரு முறை புரட்டிப் பார்த்தார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். கேள்விகளெல்லாம் சும்மா பேருக்குத்தானாம். யார் பக்கத்தைத் திரும்பப் புரட்டுகிறார்கள் என்று தூணுக்குப் பின்னால் நின்று ஒருவர் குறித்துக்கொண்டிருந்தார். நிஜத் தேர்வு அதுதான். நான்கு நாள் கழித்து சிஸ்டருக்கு ஒரு அட்டை வந்தது. முன்பக்கம்: 'வகை: நுணுக்கர். பலம்: கவனம்.' பின்பக்கம்: 'பலவீனம்: சந்தேகம்.' அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

கழுத்தில் தொங்குகிற அட்டை புரளாமல் இருக்குமா? பெரிய டாக்டர், அதாவது அந்த மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர், பாய்ச்சலர் வகை. பலம்: துணிச்சல். மறுபக்கத்தில் 'பின்விளைவு பார்க்காமை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தள்ளுவண்டியில் படுத்திருந்த ஒரு நோயாளி, தன் முகத்துக்கு நேரே தொங்கிய அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சலைன் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். துறை உடனே கூடி விவாதித்தது. அட்டையை எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. இனிமேல் நோயாளியின் மூக்குக் கண்ணாடியை வார்டிலேயே கழற்றி வாங்கிவிட வேண்டும் என்று முடிவானது.

அதற்கடுத்த மாதம் வகை சார் எல்லோரையும் கூட்டி வைத்து உரையாற்றினார்.

"பலமும் பலவீனமும் வேற வேற இல்ல. ஒரே குழாய்ல வர்ற தண்ணிதான். குழாயைத் திறந்தா ரெண்டும் வரும், மூடினா ரெண்டும் நிக்கும். ஒருத்தர்கிட்ட பலம் அதிகமா தெரிஞ்சா நாம சந்தோஷப்படக் கூடாது, பயப்படணும். அதே அளவு பலவீனம் பின்னால வந்துகிட்டிருக்குன்னு அர்த்தம். கவனம் ஒரு அளவுக்கு மேல போனா அதுக்குப் பேரு கவனம் இல்ல, சந்தேகம். இந்த மருத்துவமனையில ஒருத்தர் முப்பது துணியை மூணு தடவை எண்ணறாங்க. ஒரு தடவை எண்ணினா கவனம். மறுபடி எண்ணினா? கூட வேலை செய்யறவங்க மேல நம்பிக்கை இல்லைன்னு தானே அர்த்தம்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் எழுந்து நின்றார்.

"சார், அது யார் மேலயும் உள்ள சந்தேகம் இல்ல. எண்ணாம விட்டா துணி வயித்துக்குள்ள தங்கிடும். சீழ் வச்சா ஆளே போயிடுவாங்க."

வகை சார் கையை விரித்து, சபையைப் பார்த்து மலர்ந்தார். "கேட்டீங்களா? தங்கிடுமோ, சீழ் வச்சிடுமோ! நான் இப்ப எதைச் சொன்னேனோ அதையே இவங்க நடிச்சுக் காட்டிட்டாங்க."

கைதட்டல் எழுந்தது. மயக்க மருந்து டாக்டர்கூடத் தட்டினார். அவர் இணக்கர் வகை. அவருடைய பலம் எதிர்த்துப் பேசாதது, பலவீனமும் எதிர்த்துப் பேசாதது. சிஸ்டருக்கு முகம் சுருங்கிப்போனது. 'இல்லை' என்று சொன்னால் சந்தேகம். 'ஆமாம்' என்று சொன்னால் ஒப்புதல் வாக்குமூலம். வாயை மூடிக்கொண்டால் உள்ளுக்குள் குமுறும் நுணுக்கர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவில் அவர் பெயரே எழுதியிருந்தது.

மறுநாள் உத்தரவு வந்தது. துணிகளை ஒரு முறைதான் எண்ணலாம். மீறினால் தியேட்டரை விட்டு மாற்றப்படுவார்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் பேருந்து ஓட்டுநர். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப நான் தினமும் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக் அமுக்கிப் பார்க்கறேனே, எனக்கு என்ன வியாதி?" என்றார்.

"சிரிக்காதீங்க. தியேட்டரை விட்டுத் தூக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"சரி, பேசாம மனசுக்குள்ள எண்ணிக்கோயேன்."

"மனசுக்குள்ள எண்ணினா எனக்கு மட்டும்தாங்க தெரியும். வாய்விட்டு எண்ணினாத்தான் இன்னொருத்தர் தப்பைக் கண்டுபிடிக்க முடியும்."

அவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநருக்கு ஆபரேஷன். வகை சார் பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, கையில் குறிப்பேட்டோடு தியேட்டர் மூலையில் நின்றார். மூன்று மணி நேரம் ஆனது. மூடப் போகும் நேரம். அது அன்றைக்கு இரண்டாவது எண்ணிக்கை. உத்தரவு நினைவுக்கு வந்தது. வேன் ஓட்டுநரின் வயிறு கண்ணெதிரே திறந்து கிடந்தது. உத்தரவு தோற்றது. சிஸ்டர் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"இருபத்தெட்டு, இருபத்தொன்பது." நிறுத்தினார். கீழே விழுந்ததா என்று பார்க்கச் சொன்னார். வாளியைப் பார்க்கச் சொன்னார். மறுபடியும் இருபத்தொன்பது.

"நான் உள்ள எதையும் விடலம்மா, முப்பதுன்னு எழுதிக்கோங்க," என்றார் பெரிய டாக்டர்.

"ஒண்ணு குறையுது டாக்டர்."

"அழுத்தம் கூடும்போது பலவீனம் தலைகாட்டுது," என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "பிரமாதமான உதாரணம். அப்படியே இருங்க, எழுதிக்கறேன்."

"ஊசியைக் குடுங்க சிஸ்டர், நேரமாகுது."

"துணியைக் குடுங்க, ஊசி தர்றேன்."

பெரிய டாக்டர் அவரை எரித்துவிடுவது போல் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். பதினோரு நிமிடம் துழாவினார். கல்லீரலுக்குப் பின்னால், ரத்தத்தில் ஊறி, அதே நிறத்தில் சுருண்டு கிடந்தது முப்பதாவது துணி. அதை எடுத்துத் தட்டில் போட்டார். சிஸ்டர் ஊசியை நீட்டினார்.

இதற்குப் பாராட்டுக் கடிதம் வரும் என்று சிஸ்டர் எதிர்பார்க்கவில்லை. விசாரணைக் கடிதம் வரும் என்றும் எதிர்பார்க்கவில்லை. வந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் வகை சார்.

"துணி கிடைச்சதா இல்லையாங்கறது இங்க பிரச்சினையே இல்ல," என்று ஆரம்பித்தார். "எதனால கிடைச்சதுங்கறதுதான் பிரச்சினை."

"எண்ணினதால கிடைச்சது சார்."

"அதான் தப்பு. பலத்தால எண்ணியிருந்தா ஒரு தடவையோட நிறுத்தியிருப்பீங்க. ரெண்டாவது தடவை எண்ணினது சந்தேகம். ஆகவே துணியைக் கண்டுபிடிச்சது உங்க பலவீனம். அதை இந்த நிறுவனம் பாராட்டினா, நாளைக்கு ஆளாளுக்குப் பலவீனத்தை வச்சே வேலை பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் பலத்துக்கு என்ன மரியாதை?"

"சார், அந்த வேன்காரர் உயிரோட இருக்காரே."

"இருக்கார். நான் மறுக்கலையே. ஆனா தவறான குணத்தால இருக்கார்."

சிஸ்டர் பெரிய டாக்டரைப் பார்த்தார். சாட்சியாக அழைக்கப்பட்டிருந்த அவர் தன் அட்டையைத் தடவிக்கொண்டே, "பின்னாடி திரும்பிப் பார்க்கற பழக்கம் என் வகைக்கு இல்லைன்னு போட்டிருக்கு. அதனால எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல," என்றார். எட்டு வகைகளால் இத்தனை வசதி உண்டு என்பது சிஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆறு வாரம் நம்பிக்கைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். படிகளை எண்ணாமல் மாடி ஏற வேண்டும். தட்டில் கொட்டிய பட்டாணியைப் பார்த்து, "நிறைய இருக்கிறது" என்று மட்டும் சொல்ல வேண்டும். கடைசி வாரம் மூடிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, இதில் ஏழு பந்து இருக்கிறது, திறக்காமல் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். பெட்டியைத் தூக்கும்போதே ஆறுதான் உருண்டது. சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு என்று கையெழுத்துப் போட்டார். இதற்குள் அவர் ஷூவுக்குள் கால் விரலை மடக்கி எண்ணக் கற்றுக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுத்த பெண் கண் கலங்கி, "உங்க உதடு அசையவே இல்ல அக்கா. எவ்வளவு அழகா விட்டுக்கொடுத்துட்டீங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சான்றிதழ் வந்தது. 'இவருடைய பலவீனம் முற்றிலும் நீங்கியது. இனி எண்ண மாட்டார்.' கீழே வகை சாரின் கையெழுத்தும் முத்திரையும். அதை எடுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனால், வாசலிலேயே நிறுத்தி இன்னொரு கடிதத்தைக் கொடுத்தார்கள். பலமும் பலவீனமும் ஒரே குழாய்த் தண்ணீர் என்பதால், பலவீனம் நீங்கியபோதே பலமும் நீங்கியிருக்கும். பலம் இல்லாதவரைத் தியேட்டரில் வைத்திருப்பது நோயாளிகளுக்கு ஆபத்து. எனவே அடித்தளத்தில் உள்ள துணிக் கிடங்குக்கு மாற்றப்படுகிறார்.

எண்ணினால் தியேட்டர் இல்லை. எண்ணாவிட்டாலும் தியேட்டர் இல்லை. யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சிஸ்டர் அன்று முழுவதும் துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கினார். அடுக்கியதைத் தள்ளிவிட்டு மறுபடி அடுக்கினார்.

தியேட்டரில் அவர் இடத்துக்கு ஒரு இணக்கர் வந்தார். நல்ல பெண்தான். "சரியா இருக்கா?" என்று டாக்டர் கேட்டால் "சரியா இருக்கு டாக்டர்" என்பார். எண்ணிக்கையை எழுதும் பலகையில் தினமும் அதே முப்பதை எழுதுவதும் அழிப்பதும் வீண் வேலை என்று, வகை சார் ஆள் வைத்து அந்தப் பலகையில் '30' என்று வெள்ளை பெயிண்டில் அழியாமல் எழுத வைத்துவிட்டார். மருத்துவமனை அன்றிலிருந்து ஒரு துணிகூடத் தொலைக்கவில்லை என்று மாத அறிக்கை சொன்னது.

மூன்றாவது மாதம், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போயிருந்த சலவைக் கடைப் பெண் ஒருவர் காய்ச்சலும் வயிற்று வலியுமாகத் திரும்பி வந்தார். இவர் வலியை மிகைப்படுத்தும் வகை என்று துறை குறிப்பு எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பியது. இரண்டாவது முறை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மறுபடி திறந்து, உள்ளே இருந்த துணியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் குடலில் ஒரு முழம் போய்விட்டது. செய்தி கிடங்குக்கு வந்தபோது சிஸ்டர் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதார். துக்கத்தைவிடக் கோபமே அதில் அதிகம். ஒரு நிமிடம். முப்பது துணியை எண்ண ஒரே ஒரு நிமிடம்தான் ஆகும்.

அதற்கு அடுத்த வாரம் கிடங்குக் கதவைத் தட்டிக்கொண்டு வகை சார் வந்தார். பின்பக்கம் முடிச்சுப் போடும் நோயாளி அங்கி அணிந்திருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பைக் காணோம்.

"சிஸ்டர், உங்க கையில ஒரு காரியம் ஆகணும்."

"சொல்லுங்க சார்."

"எனக்குக் குடல்ல கட்டியாம். நாளைக்குக் காலையில ஆபரேஷன். பெரிய டாக்டர்தான் பண்றார்." வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "நீங்க நாளைக்கு ஒரு நாள் மேல வர முடியுமா?"

"எதுக்கு சார்?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எண்ணறதுக்கு."

"அங்க பலகை இருக்கே சார். முப்பதுன்னு எழுதியிருக்கு."

"அந்தப் பலகையில பெயிண்ட் அடிக்கச் சொன்னதே நான்தான்மா! மேல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

சிஸ்டருக்கு உச்சி முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. சலவைக் கடைப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கலாம், இந்த மனிதர் சொல்லியிருந்தால். ஆனால் எதிரே நோயாளி அங்கியில் நின்றவர் இப்போது ஒரு வயிறு, நாளைக்குத் திறக்கப் போகிற வயிறு. கோபத்தை விழுங்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினார்.

"நான் குணமாயிட்டேன் சார். இனி எண்ண மாட்டேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இதை வச்சுக்கிட்டு நான் எப்படித் தியேட்டருக்குள்ள வர்றது?"

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அனுமதின்னு எழுதித் தர்றேன்."

"வேணாம். எனக்கு வியாதி திரும்பிடுச்சு, இது தீராத வியாதின்னு எழுதிக் குடுங்க. தேதி போடாதீங்க. எந்த வயித்தைத் திறந்தாலும் நான் எண்ணியே ஆகணும், மூணு தடவை எண்ணணும், தடுத்தா நோய் முத்திடும்னு எழுதுங்க."

"அது விதிக்கு..."

"அப்ப இணக்கர் இருக்காங்க சார். ரொம்ப நல்ல பொண்ணு."

வகை சார் மேஜையில் இருந்த துணிக் கணக்குச் சீட்டைத் திருப்பி வைத்து எழுதினார். 'இவருடைய பலவீனம் தீராதது. ஆறு வாரப் பயிற்சி அளித்தும் பயனில்லை. ஒவ்வொரு ஆபரேஷனிலும் மூன்று முறை எண்ண அனுமதிக்காவிட்டால் நிலைமை மோசமாகும்.' கையெழுத்துப் போட்டார். மாடிக்கு ஏறிப் போய் முத்திரையும் குத்திக்கொண்டு வந்து கொடுத்தார். சிஸ்டர் அதை வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்தார். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய, தான் நோயாளி என்று பத்திரம் வாங்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தியேட்டர் வாசலில் தடுத்தவர்களிடம் அந்தக் காகிதத்தை நீட்டினார். படித்துவிட்டு, பாவம் என்ற பார்வையோடு வழிவிட்டார்கள். கை கழுவி, அங்கி மாட்டி, மேஜை அருகே போய் நின்றார். விளக்குக்குக் கீழே வகை சார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சிஸ்டர் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணினார். மயக்க மருந்து டாக்டர் முகமூடியோடு குனிந்தபோது, வகை சார் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார்.

"சிஸ்டர்."

"சொல்லுங்க சார்."

"இன்னொரு தடவை எண்ணிடுங்களேன்."